படத்தில் இல்லாதவர்கள்

அரிய காரியம் ஒன்றைச் செய்தவன், தான் செய்தான் என்பதற்குச் சாட்சி வைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? வக்கீல்களுக்கு இது எளிய கேள்வி. 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிட்டுவிடுவார்கள். நமக்கு அவ்வளவு எளிதாக இல்லை. கோயிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர், அதன் மேலேயே தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் எழுதிவைத்து, வெளிச்சத்தில் பாதியைத் தாமே மறைத்துவிட்டால் சிரிக்கிறோம். ஆனால், ஊர் பேர் தெரியாமல் உழைத்தவனுடைய உழைப்பை வேறொருவன் தன் கணக்கில் எழுதிக்கொண்டால் கொதிக்கிறோம். சிரிப்பதும் கொதிப்பதும் ஒரே மனம்தான். பெயர் வேண்டாம் என்பதும் அதுவே, பெயர் வேண்டும் என்பதும் அதுவே.

இதைப் பற்றி யோசிப்பதற்கு மலை ஏறினவர்களின் கதையைப் போல வசதியானது வேறில்லை. மலை உச்சியில் ஊர் இல்லை, பஞ்சாயத்து இல்லை, திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கிழவர்கள் இல்லை. ஏறினவன் சொன்னால் உண்டு. இல்லாவிட்டால் காமிரா சொல்ல வேண்டும்.

மலையைப் பற்றிப் பேசக் கடலூர்க்காரனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மலை என்று பெயர் வாங்கியிருப்பது கேப்பர் மலை. செம்மண் மேடு அது. காலில் கொஞ்சம் பலம் இருந்தால் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். அங்கே சிறைச்சாலை இருப்பதனால்தான் அதன் பெயரைக் கேட்டால் ஊராருக்குச் சிறிது பயம், உயரத்தினால் அல்ல. பக்கத்தில் திருவந்திபுரத்து ஔஷதகிரிக்கு எழுபத்து நாலு படி. தெற்கே சிதம்பரத்துக்குப் போனால் இந்த மேடும் இல்லை, வயலும் வாய்க்காலும்தான். தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டுமானால், மனிதன் கட்டிய நாலு கோபுரங்களைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று: கடலைக் காணாதவன்தான் கப்பல் கதைகளை ஆசையாகப் படிக்கிறான், மலையில்லாத ஊரில் பிறந்தவனுக்குத்தான் மலைமேல் மோகம். என் மோகம் அப்படிப் பிறந்தது.

இமயமலையைப் படம் பிடிக்கப் புறப்பட்ட ஆரம்பகாலத்தவர்களில் பெரிய பெயர் சாமுவேல் போர்ன். இங்கிலாந்தில் பாங்கியில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு இந்தியாவுக்கு வந்தவர். 1863க்கும் 1866க்கும் இடையில் மூன்று முறை இமயத்துக்குள்ளே போனார். அந்தக் காலத்துப் படப்பிடிப்பு, இன்று கைப்பேசியை நீட்டுகிற வேலை அல்ல. கண்ணாடித் தகட்டின்மேல் ஒரு பசையை ஊற்றிப் பரப்ப வேண்டும். அதை வெள்ளி உப்புக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் காமிராவில் வைத்துப் படம் பிடித்து, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியும் ஆக வேண்டும். ஆகவே ஒரு படம் எடுப்பதற்கு ஒரு ரசாயனசாலையே மலை ஏற வேண்டும். கண்ணாடிப் பெட்டி, திராவகப் புட்டிகள், கூடாரம், துரைக்குச் சாப்பாடு, எல்லாம். அவரோடு நாற்பதுக்கு மேற்பட்ட கூலிகள் போனார்கள். 1866ல், 18,600 அடி உயரத்தில் மணிரங் கணவாயில் அவர் எடுத்த படத்தை அதற்குப் பிறகு நெடுநாள்வரை உயரத்தில் எவரும் மிஞ்சவில்லை.

அந்தப் படங்கள் மிக அழகானவை. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பிற்பாடு அவர் தெற்கே வந்து நம் கோயில்களைப் படம் பிடித்தபோதும் அந்த அழகு குறையவில்லை. ஆனால் சுமையை இறக்கிவைத்துவிட்டு ஓடிப்போன கூலிகளைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்ததையும் அவரே கூச்சமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார். படத்தில் அது தெரியாது. படத்தில் மலை இருக்கிறது, பனி இருக்கிறது, அமைதி இருக்கிறது. மலையின் அளவு தெரிய வேண்டும் என்பதற்காக ஓர் ஆளை ஓரத்தில் நிறுத்திவைப்பது படக்காரர்களின் வழக்கம். அந்த ஆள் அங்கே மனிதன் அல்ல; அளவுகோல்.

இதைக் கண்டு நாம் வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. மஞ்சக்குப்பத்துப் பழைய வீடுகளின் கூடத்தில் ஆபீஸ் குரூப் போட்டோ தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரோ ஓர் அதிகாரிக்கு மாற்றல் ஆனபோது எடுத்தது. நடுவில் மாலையோடு அதிகாரி, இருபுறமும் நாற்காலிகளில் தலைக்குமாஸ்தா வரையில், பின்னால் நிற்பவர்கள். படத்தின் அடியில், 'உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்' என்று ஆரம்பித்து ஒரு பெயர் விடாமல் அச்சடித்திருக்கும். இரண்டு கோடியிலும் டவாலி போட்ட பியூன்கள் விறைப்பாக நிற்பார்கள். அவர்கள் பெயர் மட்டும் இருக்காது. அந்த நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டவர்கள் அவர்கள்தாம் என்று நினைக்கிறேன்.

எவரெஸ்ட் கதைக்கு வருகிறேன். 1922ல் ஆங்கிலேயர்கள் முதல்முறையாக அந்தச் சிகரத்தைப் பிடித்துவிடுவது என்று கிளம்பியபோது, படம் எடுப்பதற்கென்றே காப்டன் ஜான் நோயல் என்பவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். 1924ல் மறுபடியும் போனபோது, படங்களுக்கும் சினிமாவுக்குமான உரிமையை நோயல் எண்ணாயிரம் பவுன் கொடுத்து வாங்கிக்கொண்டார். மலை ஏறுவதற்கு முன்பே மலை ஏறும் காட்சி விற்றுப்போயிற்று! அந்தப் பணம் இல்லாவிட்டால் அந்தப் பயணம் திண்டாடியிருக்கும். ஆகையால் அதைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

நோயல் சாமானியர் அல்ல. இருபத்திரண்டாயிரம் அடி உயரத்தில் பாறைமேல் காமிராவை நிறுத்தி, தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் லென்ஸைப் பூட்டி, மைல் கணக்கான தூரத்துக்கு அப்பால் எறும்புகளைப்போல ஊர்ந்த மனிதர்களைச் சுருளில் பிடித்தார். ஜூன் 8ஆம் தேதி மாலரியும் இர்வினும் உச்சியை நோக்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை. தேடிப் போனவர்கள், கீழே இருப்பவர்களுக்குச் சேதி தெரிய வேண்டுமென்று, பனியின்மேல் ஆறு கம்பளிகளைச் சிலுவைபோல் விரித்துவைத்தார்கள். இறந்துவிட்டார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். நோயலின் காமிரா அந்தக் கம்பளிகளையும் பிடித்தது. லண்டனில் படத்தைத் திரையிட்டபோது, ஜனங்களைக் கவர்வதற்காகத் திபெத்திலிருந்து லாமாக்களைக் கூட்டிப்போய் மேடையில் ஆடவிட்டார். திபெத்தியர்களுக்கு வந்ததே கோபம்! அதற்குப் பிறகு 1933 வரையில் எந்தப் பயணக் கூட்டத்துக்கும் எவரெஸ்டுக்கு வழி கிடைக்கவில்லை. சாட்சியாக வந்த காமிரா, கதவைச் சாத்திவிட்டுப் போன கதை இது.

நான் சொல்ல வந்த மனிதர் நோயல் அல்ல. அந்த இரண்டு பயணங்களிலும் போன ஹோவர்ட் சாமர்வெல் என்ற டாக்டர். அவரை அன்னியர் என்று சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி நம்மிடையே கழிந்தது. 1922ஆம் ஆண்டுப் பயணம் முடிந்ததும், கையில் மிஞ்சிய சில்லறையோடு இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தெற்கே வந்தார். அப்போது திருவிதாங்கூரில் இருந்து, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில், லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். வைத்தியத்துக்காகக் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். அறுவை செய்யத் தெரிந்த டாக்டர் ஒருவர் மட்டும் ஓய்ச்சல் ஒழிவில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார். லண்டனில் தமக்குக் காத்திருந்த உத்தியோகத்தை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டு, சாமர்வெல் நெய்யூருக்கே வந்துவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கத்தி பிடித்தார். வயிற்றுப் புண்ணும் வலியுமாக வந்த ஏழை ஜனங்களின் வயிற்றைத் திறந்து திறந்து மூடினார். பிற்பாடு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961 வரை அந்த வித்தையைக் கற்பித்தார்.

நெய்யூருக்கு வந்தபோது அவர் நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது. 1922 ஜூன் 7ஆம் தேதி, மாலரி, சாமர்வெல், இன்னொரு ஆங்கிலேயர் ஆகிய மூவரும் பதினான்கு சுமைகாரர்களை அழைத்துக்கொண்டு வடக்குக் கணவாய்ச் சரிவில் ஏறினார்கள். புதுப் பனி விழுந்திருந்தது. சரிவு மொத்தமாகப் பெயர்ந்தது. ஆங்கிலேயர்கள் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். சுமைகாரர்களில் ஒன்பது பேர் பனிப்பாறை விளிம்புக்கு அப்பால் போய் விழுந்தார்கள். தோண்டி எடுத்ததில் இரண்டு பேருக்கு உயிர் இருந்தது. ஏழு பேர் இறந்துபோனார்கள். அந்த ஏழு பேரோடு நம்மில் ஒருவராவது செத்திருக்கக் கூடாதா என்று சாமர்வெல் ஏங்கியதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். ஆபத்தை ஒன்றாகத்தான் பங்கிட்டுக்கொண்டோம் என்று உயிரோடிருக்கும் சுமைகாரர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது அந்த ஏக்கம். இதைப் படித்தபோது அவருடைய மற்ற எல்லாச் சாதனைகளும் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டன.

இரண்டு ஆண்டு கழித்து அதே சரிவில் நாலு சுமைகாரர்கள் மேலே மாட்டிக்கொண்டார்கள். இறங்கத் துணிவில்லை, மேலே இருந்தால் குளிரில் மரணம். சிகரத்துக்குப் போக வேண்டிய பலத்தை இங்கே செலவிட்டால் சிகரம் கைநழுவும் என்று தெரிந்தும், நார்ட்டனும் மாலரியும் சாமர்வெல்லும் ஏறிப் போனார்கள். கயிறு சில கஜம் போதவில்லை. சாமர்வெல் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து, நட்டுவைத்த பனிக்கோடரியில் சுற்றி, முனையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்தார். நாலு பேரும் பிழைத்தார்கள்.

இரண்டு வாரம் ஆகியிராது. ஜூன் 4ஆம் தேதி நார்ட்டனும் அவரும் பிராணவாயுக் குப்பி இல்லாமலே உச்சியை நோக்கி ஏறினார்கள். 28,000 அடியை நெருங்கும்போது சாமர்வெல்லின் தொண்டை அடைத்துவிட்டது. 'நீ போ' என்று நார்ட்டனை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டார். போகிற நார்ட்டனை ஒரு படம் எடுத்தார். அதுவரை உலகத்தில் எவரும் அவ்வளவு உயரத்தில் படம் எடுத்ததில்லை. நார்ட்டன் 28,126 அடி வரையில் போய்த் திரும்பினார். இறங்கும்போதுதான் அந்த விஷயம் நடந்தது. சாமர்வெல்லின் தொண்டைக்குள் ஏதோ பெயர்ந்து வந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. கத்த முடியவில்லை. பனியில் உட்கார்ந்து சாவை எதிர்பார்த்தார். கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் மார்பை அழுத்தி இருமினார். குளிரில் வெந்து கழன்ற தொண்டையின் உள்தோல் ரத்தத்தோடு வெளியே விழுந்தது. மூச்சு வந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த நார்ட்டன், அந்தி வெளிச்சத்தில் மலைகள் அழகாக இருக்கின்றனவே, சாமர்வெல் சித்திரம் வரையவோ படம் எடுக்கவோ பின்தங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாராம்!

ஒரு மனிதன் செத்துப் பிழைத்தான். சில கஜம் தூரத்தில் நடந்த தோழனுக்கே அது தெரியவில்லை. அவன் படம் எடுப்பதாகத் தோன்றிற்று. சாட்சி என்ற ஒன்றை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இந்த ஒரு சம்பவம் எனக்குப் போதும்.

இனி அந்தக் காமிராவின் கதை. மாலரி கடைசி முறை புறப்படும்போது தம் காமிராவை எடுத்து வரவில்லை. சாமர்வெல் தம்முடையதைக் கொடுத்தனுப்பினார். சட்டைப் பையில் அடங்குகிற சிறிய கோடக் காமிரா. காமிராவும் போயிற்று, ஆளும் போனார். நூறு ஆண்டுகளாக உலகம் அதைத் தேடிக்கொண்டிருக்கிறது. 1999ல் மாலரியின் உடல் கிடைத்தது. பையில் கடிதங்கள் இருந்தன, பனிக்கண்ணாடி இருந்தது, காமிரா இல்லை. 2024ல் இர்வினின் பூட்சும், அவர் பெயர் தைத்த காலுறையும், அதற்குள் பாதமும் கிடைத்தன. அப்போதும் காமிரா இல்லை. கிடைத்தால், குளிரில் உறைந்த அந்தச் சுருளைப் பக்குவமாகக் கழுவினால், அவர்கள் உச்சியில் நின்றார்களா என்று தெரிந்துவிடும் என்று நம்புகிறார்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிதம்பரம்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே நடராஜருக்கு வலப்பக்கத்தில் ஒரு திரை. தீட்சிதர் அதை விலக்கித் தீபம் காட்டுகிறார். உள்ளே விக்கிரகம் இல்லை. வெற்று வெளியில் தங்க வில்வ மாலைகள் தொங்குகின்றன. அவ்வளவுதான் ரகசியம். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவரை ஒருமுறை அழைத்துப் போயிருந்தேன். திரை விலகியதும் அவர் என் காதருகில், "என்ன சார், உள்ளே ஒண்ணுமே இல்லையே?" என்றார். எங்களுக்குப் பின்னால் நின்ற கிராமத்து அம்மாள் ஒருத்திக்கு அது கேட்டுவிட்டது. "தெரிஞ்சவங்க பார்த்துக்கறாங்க. உனக்குத் தெரியலேன்னா நகருப்பா தம்பி, நாங்க பார்க்கணும்" என்றாள். அவள் குரலில் தத்துவம் ஏதும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

மாலரியின் காமிராவும் அப்படி ஒரு திரை. விலக்கினால் உள்ளே படம் இருக்கலாம்; வெறும் கறுப்புச் சுருளாகவும் இருக்கலாம். அது கிடைத்தே ஆக வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. மாலரி உச்சியைத் தொட்டிருந்தால், எனக்குத் தெரியாததனால் அவர் தொட்டது இல்லையென்று ஆகிவிடாது. தொடாமலிருந்தால், அவர் துணிவில் ஒரு குன்றிமணியும் குறையாது.

இப்படிச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடிவிட்டால் எனக்குச் சௌகரியம்தான். ஆனால் இந்த வேதாந்தத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. படம் இல்லாவிட்டாலும் மாலரியின் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். எவரெஸ்டைப் பற்றிய புத்தகங்களில் ஏறினவர்களுக்கு உள்ள இடத்தைவிட, ஏறினாரா என்று தெரியாத அவருக்குத்தான் இடம் அதிகம். 1953 மே 29ஆம் தேதி டென்சிங்கும் ஹில்லாரியும் உச்சியில் நின்றபோது என்ன ஆயிற்று? கொடிகள் கட்டிய கோடரியை உயர்த்தியபடி டென்சிங் நிற்கிறார். உலகம் முழுவதும் அச்சான படம் அது. எடுத்தவர் ஹில்லாரி. ஹில்லாரிக்கு அங்கே ஒரு படமும் இல்லை. 'உங்களை எடுக்கட்டுமா என்று சைகை காட்டினேன், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார்' என்ற பொருளில் டென்சிங் சொல்லியிருக்கிறார். 'அவருக்குக் காமிரா பிடித்துப் பழக்கமில்லை. சொல்லிக்கொடுக்க அதுவா இடம்?' என்கிற தோரணையில் ஹில்லாரி எழுதியிருக்கிறார். எது சரியோ, அந்தப் பனிக்கே வெளிச்சம். ஆனால் படமே இல்லாத ஹில்லாரியைப் பார்த்து, 'நீர் ஏறினீரா?' என்று எவரும் கேட்கவில்லை. அவர் சொல் போதுமாக இருந்தது. 1935ல் முதன்முதலாகச் சுமை தூக்கிக்கொண்டு அந்த மலைக்குப் போன டென்சிங், அந்த ஒரு படம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பார்? 'அவரும் கூடப் போனார்' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

எனக்குச் சாட்சி வேண்டாம் என்று சொல்வது பெரிய குணம்தான். ஆனால் சொல்லுக்கு மதிப்புள்ளவனால் மட்டுமே அப்படிச் சொல்ல முடிகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அடியில் பெயர் அச்சடிக்காவிட்டாலும் அவர் யாரென்று ஊருக்குத் தெரியும். கோடியில் நிற்கிறவனுக்குத்தான் அந்த எழுத்து வேண்டும். என் பெயரை நான் வேண்டாமென்று தள்ளலாம். பிறர் பெயரை அப்படித் தள்ள எனக்கு உரிமை ஏது? கேட்கும் உரிமைகூட இல்லாதவனுடைய பெயரானால் கேட்கவே வேண்டாம்.

சாமர்வெல் இதை எப்படிப் பார்த்தார் என்று அவர் தத்துவமாக எழுதி நான் படித்ததில்லை. அவர் செய்த ஒரு காரியம் தெரியும். 1924ல் மாலரியும் இர்வினும் போன பிறகு, கீழ் முகாமைக் காலி செய்வதற்கு முன்னால், கற்களை அடுக்கி ஒரு நினைவுக் குவியல் எழுப்பினார்கள். சாமர்வெல்லும் பீதம் என்ற தோழரும் சுமைகாரர்களைச் சேர்த்துக்கொண்டு அதைச் செய்தார்கள். பலகைக் கல்லில் மூன்று பயணங்களில் இறந்தவர்களின் பெயர்களை வெட்டினார்கள். மொத்தம் பன்னிரண்டு. 1921ல் வழியிலேயே இறந்த கெல்லாஸ். 1922ஆம் ஆண்டின் கீழே லாக்பா, நோர்பு, பாசாங், பேமா, சாங்கே, டெம்பா உட்பட அந்த ஏழு சுமைகாரர்களும். 1924ஆம் ஆண்டின் கீழே மாலரி, இர்வின். அவர்களோடு கூர்க்காச் சிப்பாய் ஷம்ஷேர். பூட்ஸ் தைத்துக் கொடுக்க வந்து, தன் கால்கள் இரண்டும் பனியில் கருகி இறந்துபோன மன்பகதூர்.

எல்லாம் ஒரே அளவு எழுத்து. அந்தக் கல்லையும் படம் எடுத்திருக்கிறார்கள். சாமர்வெல் அங்கிருந்து இறங்கி நெய்யூருக்குப் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் காத்துக்கொண்டிருந்தது.